நான் எரித்த இரும்புத் தாச்சி

வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போன வருடம் என் கணவருக்கு வேலை இல்லாமல் போனது. அவர்களுடைய கடற்படைக் குசினியில் பதினான்கு வருடம் சமைத்தவர். கடைசி நாள் பாலையூற்றுக்கு வீடு திரும்பியபோது, சைக்கிள் கரியரில் சாக்கால் சுற்றி ஒரு தாச்சியைக் கட்டிக்கொண்டு வந்தார். கைப்பிடி வைத்த, தட்டையான வார்ப்பிரும்புத் தாச்சி. ஒரு கையால் தூக்க எனக்கு ஏலாது. வெளிப்பக்கம் கரடு, உள்பக்கம் வருடக்கணக்காய் எண்ணெய் ஏறிக் கறுப்புக் கண்ணாடிபோல மினுங்கும். அவர் புழங்கியதை அவரையே கொண்டுபோகச் சொன்னார்களாம்.

அந்தத் தாச்சியை நம்பித்தான், இறங்குதுறைக்குப் போகும் ரோட்டில் ரொட்டியும் தேத்தண்ணீரும் விற்கும் ஒரு சின்னக் கடை போட நினைத்தார். கந்தசஷ்டி முடிந்த மறுநாள் திறப்பதாகப் பேச்சு.

கடை எனக்குச் சந்தோசம். தாச்சிதான் பிடிக்கவில்லை. மாடும் பன்றியும் பொரித்தது அல்லவா? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தேவாரமும் வெள்ளிக்கிழமையும்தான் எனக்குத் தெரிந்த படிப்பு. விரதத்துக்கு வீடு கழுவும்போது அது குசினிக்குள் கிடப்பதற்கு மனம் ஒப்பவில்லை. கடைக்குப் பலகை பார்க்க அவர் சாம்பல்தீவில் தமக்கை வீட்டுக்குப் போன அன்று, முற்றத்தில் தேங்காய்ச் சிரட்டையும் சாணி வராட்டியும் அடுக்கி, நடுவில் தாச்சியை வைத்துக் கொளுத்தினேன். இரும்பு சிவந்து ஆறியதும் பழப்புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தேன். பிறகு மஞ்சள் தண்ணீரை நிறைய ஊற்றி அப்படியே விட்டேன். நல்ல காரியம் செய்த நிம்மதி எனக்கு.

மறுநாள் காலை அவர் வந்து பார்த்தபோது மஞ்சள் தண்ணீர் சிவந்து கிடந்தது. கவிழ்த்தால் தாச்சி முழுக்கத் துரு. குந்தியிருந்து விரலால் தடவினார். சத்தம் போடுவார் என்று நின்றேன், போடவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

“இறைச்சி பொரிச்சது தாச்சி மட்டுமே? என்ர கையுந்தான். இதையும் சிரட்டை நெருப்புக்குள்ள வைப்பீரோ?”

கையை நீட்டியபடியே இருந்தார். மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். அந்தக் கையால்தான் தினமும் விபூதி பூசுவார். அந்தக் கை உழைத்த அரிசியைத்தான் நான் பொங்கிச் சாமிக்குப் படைத்து, மூன்று பிள்ளைகளுக்கும் கொடுத்தேன்.

அதோடு கடைக் கதையை விட்டுவிட்டார். அலுமினியச் சட்டி வாங்கலாமே என்று கேட்டதற்கு, அதில் ரொட்டி கருகும் என்றார், அவ்வளவுதான். விரதம் தொடங்கியது. இரண்டாம் நாள் விளக்குக்கு எண்ணெய் விட உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் முருகன் வரவில்லை, அந்தத் துருப்பிடித்த தாச்சிதான் வந்தது. நல்லெண்ணெய்ப் போத்தலோடு எழும்பிப் போனேன். தேங்காய்த் தும்பும் மணலும் போட்டுத் துருவைக் கழற்றி, அடுப்பில் காயவைத்து, எண்ணெயை ஊற்றினேன்.

“ஊத்தாதையும். பூசிப்போட்டுத் துடையும். எண்ணெய் நிண்டால் பிசின்மாதிரி வந்திடும்.” வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“இது சாமிவிளக்கு எண்ணெய்,” என்றேன்.

“ஓம், மணக்குது,” என்று சொல்லித் துணியை வாங்கிக்கொண்டு பக்கத்தில் குந்தினார்.

பூசுவது, துடைப்பது, புகை வரும்வரை காயவைப்பது, ஆறவிடுவது. சூரன்போர் வரை ஒவ்வொரு நாளும் இதுதான். சாம்பல் நிறம் மண்ணிறமாகி, மெல்லமெல்லக் கறுத்தது. விரதம் முடிந்து போட்ட முதல் ரொட்டி பிய்ந்துதான் வந்தது. காகம் தின்றது.

கடைக் கதையை அவர் திரும்ப எடுத்தார், திறப்புத்தான் ஒரு கிழமை பிந்தியது. திறப்பதற்கு முதல் வந்த வெள்ளிக்கிழமை அந்தத் தாச்சியில் நான் தோசை சுட்டேன். ஒட்டாமல் கழன்று வந்த முதல் தோசையை வாழையிலையில் வைத்துச் சாமிக்குப் படைத்தேன். இரண்டாவதை அவர் கையில் வைத்தேன்.