‘பேடா’ சொன்ன மகள்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூரு ஆடுகோடியில் நடந்தது இது.

நாங்கள் இருப்பது ஆஸ்டின் டவுனில். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். கவலைப்படுவதில் மட்டும் பெரிய படிப்பு படித்தவள்! மகள் பி.யு.சி. இரண்டாம் வருடம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. அவள் திரும்பி வர ஐந்து நிமிடம் தாமதமானால், எனக்குள் ஆம்புலன்ஸ் ஓட ஆரம்பித்துவிடும்.

அவளோடு படிக்கும் பையனுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள். வீட்டில் புது பைக் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். "பைக்ல எல்லாரும் நந்தி ஹில்ஸ் போலாம்னு சொல்றாங்கம்மா" என்றாள். "வாயைத் திறக்காதே" என்றேன். "சரிம்மா, அவன் வீட்ல பைக் பூஜைக்கு மட்டும் போய்ட்டு வரேன்" என்றாள். சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது.

அவள் பஸ் ஏறிய கையோடு தம்பியை எழுப்பி, அவன் ஸ்கூட்டரில் பின்னாலேயே கிளம்பிவிட்டேன். அவனிடம் ஒரே ஹெல்மெட். அதை அவன் மாட்டிக்கொண்டான். "பத்து நிமிஷம்தானேக்கா" என்று டிராஃபிக் போலீஸுக்குப் பயந்து சந்து சந்தாக, ஒரு ஒன்வேயில் எதிர்த்திசையிலும் ஓட்டி வந்து சேர்த்தான்.

ஞாயிறு என்பதால் பையன் வீட்டுத் தெருவின் லேத் பட்டறைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. நாங்கள் இருவரும் ஒரு டெம்போவின் பின்னால் ஒளிந்துகொண்டோம். எதிரே புது பைக், மாலையோடு. சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சை. பூஜை முடிந்து பெரியவர்கள் உள்ளே போய்விட்டார்கள். வெளியே ஐந்து பிள்ளைகள், இரண்டு பைக்.

"வீட்ல யாரும் பாக்கல. ட்ரிபிள்ஸ் போனா எல்லாரும் போய்ட்டு மத்தியானம் வந்துரலாம். ஏறுங்க மச்சா" என்றான் பிறந்தநாள் பையன்.

என் மகள் சீட்டின் மேல் கை வைத்தாள். ஏறிவிட்டாள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

"மச்சா, பேடா" என்றாள். "உனக்கு எல்.எல்.ஆர்.தான் இருக்கு, லைசென்ஸ் இன்னும் வரல. ஹைவேல மூணு பேரா? எனக்கு பயமாயிருக்கு."

கன்னடத்தில் ‘பேடா’ என்றால் ‘வேண்டாம்’. இனி எல்லாரும் அவளைக் கேலி செய்யப்போகிறார்கள், ரோஷத்தில் ஏறிவிடுவாள் என்று நினைத்தேன். பையனின் முகம் சுருங்கியதுதான். ஆனால் உடனே சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டான்.

"பேடா சொல்லிட்டா. அப்புறம் என்ன, கேன்சல்."

"எனக்கும் படபடன்னுதான் இருந்துச்சு. இவ சொல்லட்டும்னு வெயிட் பண்ணேன்" என்றாள் இன்னொரு பெண்.

"அடிப்பாவி! நீயே சொல்லியிருக்கலாம்ல!"

அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருவர் ‘பேடா’ சொன்னால் காரணம் கேட்கக் கூடாது, கிண்டல் செய்யக் கூடாது, அந்தத் திட்டத்தையே விட்டுவிட வேண்டும். அது அவர்கள் கூட்டத்தின் சட்டமாம், பிறகுதான் தெரிந்தது. அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் சத்தமாக அழுதுகொண்டிருக்கிறேன் என்பதுதான்.

"ஆன்ட்டி!" என்று ஐந்து தலைகளும் திரும்பின. என் மகள் மட்டும் என் தலையைப் பார்த்தாள்.

"என்னைப் புடிக்கத்தான வந்த? சரி. ஹெல்மெட் எங்கம்மா?"

"பத்து நிமிஷம்தானே பாப்பா..." என்று இழுத்தான் தம்பி.

"பத்து நிமிஷத்துல வந்தீங்களா? அப்ப அந்த ஒன்வேல வந்தீங்களா மாமா?"

"ஆன்ட்டி, எங்களை விட நீங்கதான் டேஞ்சர் பார்ட்டி" என்றான் பிறந்தநாள் பையன். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

முனையிலிருந்த ஹோட்டலுக்கு என்னையும் இழுத்துப் போனார்கள். நின்றபடியே கேசரி பாத் சாப்பிடும்போது, இத்தனை வருடம் மகளிடம் மறைத்ததைச் சொல்லிவிட்டேன். படிப்பு ஏறவில்லை என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் ஒன்பதாவது படிக்கும்போது, நான் வளர்ந்த கே.ஜி.எஃப்.பில், சுரங்கக் கழிவு மண் கொட்டிய பெரிய மேட்டில், சிநேகிதிகள் பந்தயம் கட்டித் தகரத்தில் உட்கார்ந்து சறுக்கினோம். பயந்தாங்கொள்ளி என்பார்களே என்று நானும் சறுக்கினேன். கால் முறிந்து மாதக்கணக்கில் படுக்கை. அப்புறம் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை.

"யாருமே வேணாம்னு சொல்லலையா ஆன்ட்டி?" என்று கேட்டான் பையன்.

"எல்லாருக்கும் பயம்தான்பா. ஒருத்தியும் வாயைத் திறக்கல."

மகள் தன் தட்டிலிருந்த முந்திரிப் பருப்பை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

கிளம்பும்போது தம்பி ஸ்கூட்டரை உதைத்து, "ஏறுக்கா" என்றான்.

"நீ போடா. எனக்கு பயமாயிருக்கு. நான் பஸ்ல வரேன்."

"இன்னாக்கா, வரும்போது இல்லாத பயம்?"

"வரும்போதும் இருந்துச்சுடா. சொல்லலை."

பிள்ளைகள் விசிலடித்துக் கைதட்டினார்கள். பயந்ததற்காக நான் கைதட்டல் வாங்கியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

என் கவலை இன்னும் போகவில்லை, இனிமேலும் போகாது. ஆனாலும் பயத்தை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லும் தைரியம் என் மகளுக்கு இருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம், தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே சிரித்துக்கொள்கிறேன்.