மூன்று கிலோமீட்டருக்கு ஒரு ரேஸ் பிளக்

பைக் இன்ஜினிலிருந்து கழற்றிய ஸ்பார்க் பிளக்கை முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து ஒற்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு, அதன் முனையை வெயிலில் திருப்பித் திருப்பி ஆராய்வார். மூக்குக்கண்ணாடிக் கடை விற்பனையாளர், லென்ஸுக்குப் பஞ்சமில்லை. பட்டறையில் அவருக்கு விஞ்ஞானி என்று பேர். அந்தப் பேரை வைத்த மெக்கானிக், சனிக்கிழமை காலையில் அவர் தலை தெரிந்தாலே டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

விஞ்ஞானியின் பைக்கில் செய்த மாற்றம் அதிகமில்லை. தெருவையே எழுப்பும் ஒரு சைலன்சர், காற்றைத் தாராளமாக விடும் ஒரு ஃபில்டர். அதற்கேற்ப மெக்கானிக் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கொடுத்திருந்தார். விஞ்ஞானி பேசுவதைக் கேட்டால் வாசலில் ராக்கெட் நிற்கிறது என்றுதான் தோன்றும். வீட்டுக்கும் கடைக்கும் மூன்று கிலோமீட்டர், நடுவில் ஆறு சிக்னல். முள் நாற்பதைத் தொட்டால் அவர் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும்.

"இது சாதா இன்ஜின் இல்லப்பா. சூட்டைச் சீக்கிரம் இறக்குற கோல்டு பிளக் போட்டாதான் தாங்கும்."

மெக்கானிக் பொறுமையாகத்தான் சொன்னார். இந்த அளவு மாற்றத்துக்கு வண்டியோடு வந்த ரகமே போதும். நாள்பூராவும் விரட்டி ஓட்டுகிறவருக்கு வேண்டுமானால் ஒரு படி குளிர்ச்சியானது. ஊருக்குள் ஊர்கிற வண்டியில் அது கரியை எரிக்கிற சூட்டுக்கே வராது, அடைத்துக்கொள்ளும். விஞ்ஞானி பெரிய மனது பண்ணிச் சிரித்தார். இரண்டு படி குளிர்ச்சியான ரேஸ் பிளக்கை வரவழைத்தார். மெக்கானிக் மாட்ட மறுத்ததும், வீட்டிலேயே மாட்டிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் மகளுக்கு நர்சிங் நுழைவுத் தேர்வு. பஸ்ஸில் போகிறேன் என்றாள். அம்மாவும் அதையே சொன்னாள். இவர் விடவில்லை. நான்காவது சிக்னலில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. உதைத்தார், உதைத்தார், அசையவில்லை. தேர்வுக்கூடக் கதவு மூடக் கால்மணி நேரம். பின்னால் லாரிகள் அலற, இவர் நடுரோட்டில் குந்தி பிளக்கைக் கழற்றத் தொடங்கினார்.

"ரெண்டு நிமிஷம் இரும்மா, கலரைப் பார்த்தா தெரிஞ்சிடும்."

மகள் இறங்கி, வண்டிகளுக்கு நடுவே ஓடி, நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்த விஞ்ஞானியே இதையெல்லாம் சொன்னார், சுவாரசியமாக. பிளக்கில் தார் பூசினாற்போல் கரி. மெக்கானிக் அதைப் பார்க்கவில்லை.

"பொண்ணு போய்ச் சேர்ந்துச்சா சார்?"

"அவ எப்படியாவது போயிடுவா. நீ இந்தக் கரியைப் பாரேன். காத்துல ஈரம் ஜாஸ்தி, அதான்."

மெக்கானிக் பழைய ரகப் பிளக்கையே எடுத்து மாட்டினார். ஒரே உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. அப்போதுதான், மகள் எப்போதோ செல்போனில் அனுப்பியிருந்த செய்தியை விஞ்ஞானி படித்துச் சொன்னார்: கதவு மூடும்போது கடைசி ஆளாக நுழைந்துவிட்டாளாம். மெக்கானிக் பெருமூச்சு விட்டார்.

"பார்த்தியா, என் வேகம் அவளுக்கு" என்றார் விஞ்ஞானி.

பிறகு சீட்டுக்கு அடியில் பத்திரப்படுத்தியிருந்த, ரேஸ் பிளக் வந்த காலி அட்டைப் பெட்டியைத் துழாவி, அதனோடு இலவசமாகக் கொடுத்த ஸ்டிக்கரை எடுத்தார். நகத்தால் பின்தாளை உரித்து, பெட்ரோல் டேங்கின் நட்டநடுவில் ஒட்டி, உள்ளே காற்றுக் குமிழ் நிற்காதபடி கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார்.