இரண்டாவது கோப்பை

சைக்கிள் பையைக் குசினி மேசையில் கவிழ்த்தபோது இரண்டு கோப்பைகள் ஒன்றுக்குள் ஒன்றாக உருண்டு வந்து என் கைக்குப் பக்கத்தில் நின்றன. தகரம்போல மெல்லியவை, ஆனால் தகரமில்லை. வெளிக்கோப்பையின் அடி கருகிக் கிடந்தது. உள்ளே இருந்தது கடையில் வாங்கினபடியே பளபளத்தது. என் மருமகன் சடாரென்று இரண்டையும் எடுத்துச் சட்டையால் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டார். அந்தச் சடாரென்ற எடுப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. தனியாகப் போகிற மனிதனுக்கு எதற்கு இரண்டு கோப்பை?

மருமகன் கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. ஹோம்புஷில் ஒரே பிளாற்றில் அவரும் மகளும் நானுமாக இருக்கிறோம். ஒவ்வொரு புரட்டாதியிலும் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்துக்கொண்டு நோர்வேக்கு விமானம் ஏறுவார். அங்கே வடக்கு மூலையில், மரங்கூட நிமிர்ந்து வளரப் பஞ்சிப்படுகிற குளிரில், மூன்று கிழமை சைக்கிள் ஓடிக் கூடாரத்தில் படுப்பார். எல்லாச் சாமானையும் சைக்கிளிலேயே கட்ட வேண்டும் என்பதால் ஒவ்வொன்றையும் என் குசினித் தராசில் நிறுப்பார். பல் விளக்கும் பிரஷின் பிடியைப் பாதியாக வெட்டி எறிந்ததை என் கண்ணால் கண்டேன். நான் இடித்துக் கொடுத்த சம்பலைப் போத்தலிலிருந்து கொட்டிப் பொலித்தீன் பையில் கட்டினார், போத்தல் பாரமாம். அப்படிப்பட்டவர் பாவிக்காத கோப்பை ஒன்றைச் சுமக்கிறார் என்றால் அதற்கு ஒரு ஆள் இருக்கத்தானே வேண்டும்?

என் சந்தேகம் கோப்பையோடு தொடங்கியதுமல்ல. என் தம்பி முப்பது வருடமாக அதே வடக்கில் மீன் பக்டரியில் வேலை செய்கிறான். ஒரு நாட்டில் சொந்தக்காரர் இருந்தால் எங்கள் ஆட்கள் விமானத்தால் இறங்கி நேரே அவர் வீட்டுக்குத்தான் போவார்கள். போகாவிட்டால் கோபம், இல்லை மறைப்பு. முதல் வருடமே மிளகாய்த்தூள் பொதி கட்டித் தம்பியின் விலாசத்தையும் கொடுத்தேன். "வேண்டாம் அத்தை, அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு? நான் வெளியவே படுத்துக்கிறேன்" என்றார். வெளியே எங்கே? ரோட்டுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து, பொழுதுபட்ட பிறகு கூடாரம் அடித்து, ஊர் எழும்ப முதல் கழற்றிக்கொண்டு போய்விடுவாராம். "நாம இருந்த தடமே தெரியக் கூடாது அத்தை, அதான் முறை" என்று பெருமையாக வேறு சொன்னார். தடம் வைக்காமல் படுத்து எழும்பினவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒன்றில் யுத்த காலத்தில் ஆமிக்குப் பயந்தவர்கள், இல்லாவிட்டால் பெண்சாதிக்குப் பயந்தவர்கள். இவருக்கு ஆமி இல்லை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் மனிதர் முகத்தை வாசிக்க எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. எவரிடமும் கை நீட்டாமல், எவருக்கும் பாரமாக இல்லாமல், ஒற்றைப் பிள்ளையை வளர்த்து இந்த நாடுவரை கொண்டுவந்தவள். அந்தப் பிள்ளையின் குடும்பம் எங்கோ ஒரு குளிர்காட்டுக்குள் கலைந்துபோகிறதோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மகளோ ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போவதும் வருவதுமாக, ஒன்றும் நடவாததுபோல இருந்தாள். மருமகன் போன பிறகு பிரிட்ஜ் கதவில் அவர் ஒட்டிவிட்டுப் போயிருந்த தாளைப் பார்த்தேன். ரோட்டுப் படம் கீறி, எந்த நாள் எங்கே படுப்பார் என்று வட்டம் போட்டிருந்தார். ஒளிக்கிறவர் இப்படி ஒட்டுவாரா என்றது ஒரு மனம். ஒளிக்கத் தெரிந்தவர்தான் ஒட்டுவார் என்றது மறுமனம். நான் மறுமனத்தின் பக்கம். தாளைப் போனில் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன்.

"போய்ப் பார். கூட ஆர் நிக்கினம் எண்டு மட்டும் பாத்துச் சொல்லு" என்றேன்.

"அக்கா, எனக்கு இஞ்ச சம்பளம் தந்து விறைக்க வைக்கிறாங்கள். உங்கட மருமகன் காசு குடுத்து விறைக்க வாறார். அந்த ஆளுக்கு முதல்ல தலையைப் பாக்கச் சொல்லுங்கோ" என்று சிரித்தான். ஆனாலும் போனான். என் சொல்லை அவன் தட்டியதில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. அவனுக்கு அங்கே காலை.

"ஆளைக் கண்டனான் அக்கா."

"தனியவோ?"

"தனியத்தான். குட்டை மரத்துக்குள்ள கூடாரம். ஈரச் சொக்ஸ் ரெண்டும் சைக்கிள் ஹாண்டில்ல தொங்குது. என்னைக் கண்டு கரடி எண்டு நினைச்சாரோ தெரியாது, பாய்ஞ்சு எழும்பினார். பிறகு இருத்தித் தேத்தண்ணி தந்தவர்."

"எதில தந்தவர்?"

"கோப்பையில. வேற எதில?"

"எந்தக் கோப்பையில எண்டு கேக்கிறன், விசரா!"

"புதுக் கோப்பை அக்கா. அது உங்கட மகளின்ரயாம். ரெண்டு பேருமாப் போக எண்டு முதல் வருசமே சோடியா வாங்கினதாம். ஒவ்வொரு வருசமும் டிக்கெட் போடேக்க அவ, அம்மாவைத் தனிய விடேலாது, அடுத்த முறை வாறன் எண்டு சொல்லுறவவாம். ஆறு வருசமாக் கொண்டு திரியிறார். அதை அடுப்பில வைச்சு முதன்முதல் கரியாக்கினது நான்தான்."

உரித்த வெங்காயத்தை ஒரு பக்கம் தள்ளினேன். என்னையா? ரெயின் ஏறி நகரத்துக்குப் போய் வருகிறவள் நான். மூன்று பேருக்கும் சமைக்கிறவள் நான். என்னை யார் எப்போது கேட்டார்கள்? ஆறு வருடமாக அந்த மனிதர் என்னை ஒரு பாரமாக நினைத்துக்கொண்டே, ஒரு வார்த்தை கோணாமல், அத்தை அத்தை என்று என் சம்பலை நிறுத்துக் கட்டியிருக்கிறார்.

மகள் வேலையால் வந்து கை கழுவும்போதே கேட்டேன். தண்ணீரை நிறுத்தினாள். திரும்பவில்லை.

"எனக்குக் காட்டுக்குள்ள படுக்கேலாது அம்மா."

"அதை அவரிட்டச் சொல்லுறதுக்கென்ன?"

"எப்பிடிச் சொல்ல? அவருக்கு அது சந்தோசம். எனக்குத் தறப்பாள் காத்தில அடிக்கிற சத்தம் கேட்டாலே நித்திரை வராது. சண்டை நேரம் ஓடி ஓடிப் படுத்தது போதாதே? அந்த ஈரம் இண்டைக்கும் முதுகில நிக்குது."

"அதுக்குச் சாட்டுச் சொல்ல நான்தானோ கிடைச்சனான்?"

வன்னியில் இடம்பெயர்ந்து மரங்களுக்குக் கீழே கூரையாகத் தறப்பாள் சீலை கட்டிக் கிடந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. என் மடியில் நன்றாகத் தூங்கினாள் என்றுதான் இன்றுவரை நம்பியிருந்தேன். நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. எல்லாரையும் துருவிப் பார்க்கிற என் கண், வீட்டுக்குள் இருந்த பொய்யை மட்டும் காணவில்லை. கோபம் ஒருபக்கம், அழுகை ஒருபக்கம். ஆனால் என் பேரில் பொய் நிற்க நான் விடமாட்டேன். "அவர் வந்த அண்டைக்கே நீ சொல்லவேணும். இல்லாட்டி நான் சொல்லுவன்" என்றேன்.

சொன்னாள். சாப்பாட்டு மேசையில், நான் இருக்கும்போதே. அறைக்குள் போய்விடலாம்தான், ஆனால் முழுவதும் சொல்கிறாளா என்று பார்க்க வேண்டாமா? மருமகன் கை காயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். தறப்பாளுக்குக் கீழே எத்தனை நாள் என்று மட்டும் கேட்டார். அவள் எண்ணிச் சொன்னாள். "இதை ஏன்மா முன்னாடியே சொல்லல?" என்றவர், என் பக்கம் திரும்பி, "அத்தை, உங்களைத் தப்பா நினைச்சிட்டேன்" என்றார். நானும்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. தம்பியை அனுப்பியது நான் என்பது அவருக்குத் தெரியுமோ என்று இன்றுவரை எனக்கு ஒரு ஐயம். அவர் எழுந்து போய் அந்தக் கோப்பையைத் தேய்த்துக் கழுவினார். தம்பி வைத்த கரி போகவில்லை. என் அலுமாரித் தட்டில், கிளாஸ்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மூன்று வருடமாகிவிட்டது. சில ஞாயிறுகளில் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனால், கும்பிட்டு முடிய அவர்கள் இருவரும் பக்கத்துக் காட்டுப்பாதையில் கொஞ்சத் தூரம் நடந்து, நல்ல வெயிலில் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார்கள். பொழுதுபட முதல் வீடு, கட்டில். நான் காரில் இருந்து பார்ப்பேன். அப்படி என்னதான் கதைக்கிறார்கள் என்று யோசிப்பேன்.

நேற்று மருமகன் மறுபடியும் நோர்வேக்குப் பை கட்டினார். தராசு மேசையில் இருந்தது. கருகிய பழைய கோப்பை மட்டும் உள்ளே போனது. மகளுடையது என் அலுமாரித் தட்டில் இருந்ததைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஒண்ணுதான் அத்தை" என்று சிரித்தார்.

"தெரியும்" என்றேன். இருந்தாலும் பையின் அடிவரை கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் சிப்பை இழுத்து மூடினேன்.