சகலையைக் கப்பலேற்றிய கதை

முதல் முறையாக உல்லாசக் கப்பலில் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை அத்தனையும் எனக்குத் தெரியும். எந்த அறை ஆடும், எது ஆடாது, மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும், கடைசி நாள் பெட்டியை என்ன செய்ய வேண்டும், எதைக் கேட்டாலும் சொல்வேன். பயணத்தை அனுபவிக்க வேண்டும் என்று இதையெல்லாம் நான் கற்கவில்லை. என் சகலையிடம் சொல்லாமல் மறைக்க வேண்டும் என்றுதான் கற்றேன்.

பகை பழையது. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பெண் பார்க்கப் போன நாளில் பிறந்தது. எங்கள் வீடு பட்டர்வொர்த்தில், பெண் வீடு எதிரே பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட்டில். அப்போது பாலம் கிடையாது, ஃபெரிதான். மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர மூத்த மருமகனை அனுப்புவது அவர்கள் வீட்டு மரியாதை. மூத்த மருமகன் என்றால் இந்தச் சகலை. ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தலைமைக் கிராணி, எழுத்து வேலை. வெள்ளைச் சட்டை, காலில் அன்றுதான் போட்ட கறுப்புச் சப்பாத்து, கையில் குடை என்று வந்து நின்றார்.

"பெண் வீட்டில் போய்ச் சாப்பாட்டுக்குப் பறக்காதே" என்று சொல்லி அம்மா எனக்கு ஏழு தோசை ஊட்டாத குறையாகக் கொடுத்திருந்தார். கடல் அன்று தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. ஆடியது நான்தான். பாதிக் கடலில், அந்தக் கறுப்புச் சப்பாத்துகள் இரண்டின் மீதும், ஒன்றுக்கு ஓரவஞ்சனை செய்யாமல், வாந்தி எடுத்தேன்.

அவர் அதை மறைத்திருக்கலாம். பெண் கோப்பித் தட்டுடன் வந்து நின்றபோது, "மாப்பிள்ளைக்கு இன்னொரு கிளாஸ் குடும்மா, இருந்ததெல்லாம் கடலுக்கும் எனக்கும் பங்கு வெச்சிட்டு வந்திருக்காரு" என்றார். பெண் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவளைக் கட்டிக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருடங்கள். காதுகுத்து, புதுமனை, பொங்கல் சாப்பாடு, சாவு வீட்டின் பதினாறாம் நாள் என எங்கே நாலு பேர் உட்கார்ந்தாலும் அவர் தொண்டையைக் கனைப்பார். "இவரு பொண்ணு பாக்க வந்த கதை தெரியுமா?" என்பார். தோசையின் எண்ணிக்கை பன்னிரண்டு வரை ஏறிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு நான் தீவில் குடியேறி, தினமும் அதே ஃபெரியில் பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டின் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் வந்தவன். ஒரு நாளும் ஒரு சொட்டு வெளியே வந்ததில்லை. அதைப் பற்றி எவரும் கதை சொல்லவில்லை.

இதையும் பொறுத்திருப்பேன். தொண்ணூறுகளின் நடுவில் என் மூத்த மகளுக்கு ஆயர் ஈத்தாமில் வரன் முடிவானது. மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற பள்ளித் தலைமை ஆசிரியர். சிரித்தால் மாணவர்கள் கெட்டுவிடுவார்கள் என்று முப்பது வருடம் பயிற்சி எடுத்த முகம். நிச்சயத்தன்று இரண்டு குடும்பத்துக்கும் முன்னால் பெரியப்பா என்ற முறையில் பேச வேண்டியவர் என் சகலை.

"என்ன பேசப் போறீங்கண்ணே?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"பொண்ணோட அப்பனப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும்லா தம்பி. ஃபெரி கதைய விட்டா சம்பந்தி வீட்டுக்கு உன்னைய எப்படி அறிமுகம் பண்றது?"

அன்றே முடிவு செய்தேன். நிச்சயத்துக்கு முன்னால் அவர் வாயை அடைக்க வேண்டும். அதற்கு அவரைப் பற்றியும் ஒரு கதை என் கையில் வேண்டும். அதுவும் தண்ணீரில் நடந்ததாக இருந்தால் விசேஷம்.

எங்கள் தொழிற்சாலை மனமகிழ் மன்றம் பினாங்கிலிருந்து தாய்லாந்தின் புக்கெட் போய்வர இரண்டு இரவுக் கப்பல் பயணம் ஏற்பாடு செய்தது. குடும்பத்தாரையும் அழைத்துப் போகலாம். சகலைக்கும் என் மனைவியின் அக்காவுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகிறது, என் அன்பளிப்பு என்றேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மனைவி என்னைப் புதிதாகப் பார்த்தாள். எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஏற்கெனவே இரண்டு முறை போய்வந்த சீன சூப்பர்வைசர் ஒருவரிடம் சாப்பாட்டு வேளைகளில் பாடம் கேட்டேன். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் தெரியாது. முன் முனையில், மேல் தளத்தில் எடுத்தால் ஊஞ்சல். வெறும் வயிற்றோடு ஏறக் கூடாது, நிரம்பிய வயிற்றோடும் கூடாது. மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

சகலைக்கு மேல் தளத்தில், முன் முனையில், பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த அறையைப் பதிவு செய்தேன். எனக்கு நடுவில், கீழே, ஜன்னலே இல்லாத பெட்டி. மாத்திரை வாங்கியது எனக்கும் மனைவிக்கும் மட்டும்.

ஏறின நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. கிளம்பும் முன் எல்லாரையும் மேல் தளத்தில் வரிசையாக நிறுத்தி, ஆரஞ்சு நிற உயிர்காப்பு ஜாக்கெட்டைக் கட்டப் பழக்கினார்கள். சகலை சொன்னபடி முதலில் கட்டி முடித்தார். கிராணி அல்லவா, அறிவிப்பு என்று ஒன்று வந்துவிட்டால் எழுத்துக்கு எழுத்து நடப்பார். எனக்கு முடிச்சு கழுத்தில் விழுந்தது. அவர்தான் அவிழ்த்துவிட்டார்.

பிறகு பெண்கள் இருவரும் ஒருவர் அறையை ஒருவர் பார்க்கப் போனார்கள். திரும்பி வந்த என் மனைவி எங்கள் அறையின் நாலு சுவர்களையும் வரிசையாகப் பார்த்தாள்.

"அக்காவுக்குக் கடல், எனக்கு அலமாரியா?"

"இங்க ஆடாதும்மா" என்றேன்.

"ஆடாம இருக்க நான் வீட்லயே இருந்திருப்பேனே."

கதவருகே அக்கா நின்றிருந்தார். "எங்களுக்கு எதுக்கு தம்பி ஜன்னல்? உங்க அண்ணன் படுத்தா பாத்திரம் விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டாரு. தங்கச்சி கடலப் பாக்கட்டும்." நான் மறுப்பதற்குள் சகலை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே நடந்தார்.

இந்தக் கலவரத்தில் நான் மாத்திரை போட மறந்துபோனேன். சகலை எங்கேயாவது மாத்திரை வைத்திருக்கிறாரா என்று கவனிப்பதிலேயே அந்த ஒரு மணி நேரம் போய்விட்டது. தீவைத் தாண்டியதும் கப்பல் மெல்ல மூக்கைத் தூக்கி, மெல்ல இறக்கியது. ஜன்னலில் கடல் ஒரு முறை முழுதாகத் தெரிந்தது, மறு முறை முழுதாக வானம். அப்போது மாத்திரை போட்டேன். சூப்பர்வைசர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மாத்திரையும் வந்தது.

சகலை குமட்டலுக்கு நல்லதென்று உப்பில் ஊறின பிளம் பழத்தோடு மேலே ஏறி வந்தார். பிளாஸ்டிக் பையை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, இன்னொரு கையால் முதுகைத் தடவினார். இன்று காலில் சப்பாத்து இல்லை, ரப்பர் செருப்பு. பட்டுத் தெளிந்தவர்.

"மனசு விட்டு எடு தம்பி. நிச்சயத்துக்கு ரெண்டாவது பாகமும் கிடைச்சிருச்சு."

அவ்வளவு அன்பாகச் சொன்னார். அந்த அன்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. புக்கெட்டில் எல்லாரும் இறங்கி இளநீர் குடித்தார்கள். நான் தரையில் கால் வைத்த சுகத்தில் அடுத்த திட்டம் போட்டேன்.

கடைசி நாள் மாலை எல்லா அறைக் கதவின் கீழும் ஒரு தாள் வந்து விழுந்தது. பெரிய பெட்டிகளை இரவு உணவுக்குப் பின் நடையில் வைத்துவிட வேண்டும், கப்பல் ஆட்கள் கரையில் இறக்கிவிடுவார்கள் என்று. முதல் முறை போகிறவர்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: மறுநாள் உடுத்திக்கொள்ளும் துணியைக் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் பெட்டியைப் பூட்ட வேண்டும். இதைத் தாளில் சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். சகலையின் மூக்குக்கண்ணாடி அக்காவின் பையில் எங்கோ அடியில் கிடந்தது, தாளை என்னிடம் நீட்டினார்.

"என்ன தம்பி போட்டிருக்கு?"

"எல்லாத்தையும் பெட்டியில வெச்சு வெளிய வைக்கணுமாம்ணே. ஒண்ணையும் அறையில விடக் கூடாதாம். ரொம்ப கண்டிப்பா போட்டிருக்கான்."

கண்டிப்பு என்ற சொல் அவருக்குச் சர்க்கரை. சாப்பிட்டு வந்ததும் கைலியும் பனியனும் மாற்றிக்கொண்டு, கால்சட்டை, சட்டை, சப்பாத்து எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினார். மறுநாள் காலை பினாங்கில் எங்களை அழைத்துப்போக வேனோடு வரப்போகிறவர் யார் தெரியுமா? என் வருங்காலச் சம்பந்தி, சிரிக்காத தலைமை ஆசிரியர். அவர் முன்னால் தலைமைக் கிராணி கைலியோடு இறங்கி வருவதை நினைத்தபோது கப்பல் ஆட்டம்கூட தாலாட்டாக இருந்தது.

காலையில் கீழே போனேன், ரசிப்பதற்காக. அறைக் கதவு பாதி திறந்திருந்தது. சகலை கைலியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா நைட்டியோடு கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று அழுதுகொண்டிருந்தார். அக்காவின் சேலைகளும் அதே பெட்டியில்தான் போகும் என்பதை நான் நினைக்கவே இல்லை. அந்த அக்கா என்னைத் தம்பி என்று கூப்பிட்டு, இரண்டு பிரசவத்துக்கும் என் வீட்டில் வந்து சமைத்துப் போட்டவர்.

பின்னால் வந்த என் மனைவி ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

"எல்லாத்தையும் வைக்கச் சொன்னது யாரு?"

"தாளுல அப்படித்தான் போட்டிருந்துச்சுன்னு தம்பி சொன்னாரு" என்றார் சகலை, ஒரு சந்தேகமும் இல்லாமல்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். எதைக் கட்டுவது என்று முடிவு செய்யாமல் கைப்பையில் இரண்டு சேலை வைத்திருந்தாள். ஒன்றை அக்காவிடம் நீட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, என் கால்சட்டையைக் காட்டினாள்.

"சிலுவாரக் கழட்டுங்க."

"அப்புறம் நான்?"

"உங்க அண்ணன் கைலி இருக்குல்ல."

அப்படித்தான் கப்பலிலிருந்து இறங்கினேன். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே சகலையின் பச்சைக் கட்டம் போட்ட கைலி. பனியனுக்குக் கீழே என் கால்சட்டையை மூச்சை அடக்கிப் பூட்டிக்கொண்டு சகலை பக்கத்தில் நடந்தார். பெட்டிகள் துறைமுகக் கொட்டகையின் மறு கோடியில் குவிந்து கிடந்தன. அதற்கு முன்னாலேயே, கயிற்றுக்கு அந்தப் பக்கம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சம்பந்தி நின்றிருந்தார். அவர் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி, கைலிக் கரையில் நின்றது.

சகலை தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு எனக்கு இருபத்து மூன்று வருடப் பழக்கம்.

"சம்பந்தி, இவரோட கடல் கதை..."

"நானே சொல்லிடறேங்க" என்று நடுவில் விழுந்தேன். எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. கைலியில் நிற்கிறவனுக்கு இனி இழக்க என்ன இருக்கிறது? ஏழு தோசையிலிருந்து தொடங்கினேன். ஃபெரி, கறுப்புச் சப்பாத்து, கோப்பித் தட்டு, இந்தப் பயணத்தில் ஜன்னல் அறை, மாத்திரை, பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "அண்ணன் உடுப்பு பெட்டியில போயிருச்சு, அதான் என்னோடத குடுத்தேன்" என்று முடித்தேன். பெட்டியில் வைக்கச் சொன்னது யார் என்பதைச் சொல்லவில்லை. அவ்வளவு நல்லவன் இல்லை நான். என் மனைவிக்கு அப்போது இருமல் வந்தது.

சகலை இடையிடையே "அது பன்னிரண்டு தோசை" என்று திருத்தப் பார்த்தார். அவருடைய கதை அவர் கண் முன்னாலேயே வேறொருவர் வாயில் போய்க்கொண்டிருந்தது.

சம்பந்தி முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை. சகலையின் பக்கம் திரும்பி, வகுப்பில் கேட்பது போலக் கேட்டார்.

"எத்தனை வருசமா இதைச் சொல்றீங்க?"

"இருபத்து மூணு வருசமா."

"வேற ஒண்ணும் கிடைக்கலையா?"

சகலை அதுவரை அடக்கியிருந்த மூச்சு வெளியே வந்ததில் என் கால்சட்டையின் பித்தான் ஒன்று தெறித்து ஓடியது. அதை யாரும் குனிந்து எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து நிச்சயம் நடந்தது. பெரியப்பா பேசுவார் என்றார்கள். சகலை எழுந்தார், கனைத்தார், முன் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த சம்பந்தியைப் பார்த்தார். பொண்ணு நல்லா படிச்ச பொண்ணு, மாப்பிள்ளையும் நல்லா படிச்சவரு, எல்லாரும் சாப்பிட வாங்க என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பந்தியில் அவருக்கு நேர் எதிரே இடம் பிடித்தேன். பாயாசத்தை மூன்று முறை கேட்டு வாங்கி, ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகக் குடித்தேன்.