சாந்தோமில் வெயில், தோட்டத்தில் இருட்டு

கடந்த டிசம்பரில் அசாமுக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. திப்ருகர் அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு நேர்காணல். பி.எட். முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். "உன் பொண்ணு படிச்சி இன்னாத்த கண்டா?" என்று சாந்தோம் குப்பத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மாதான் பதில் சொன்னாள்.

சென்னையிலிருந்து கவுகாத்திக்கு விமானம், 6,850 ரூபாய். பிறகு இரவு ரயில். திப்ருகரிலிருந்து தோட்டம் 34 கிலோமீட்டர். வேனுக்கு 900 ரூபாய். ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கும். தி.நகர் துணிக்கடையில் எட்டு வருடம் மூட்டை தூக்கியவராம். அந்தப் பனிமூட்டத்தில் சென்னைத் தமிழைக் கேட்டபோது ஊரிலிருந்து யாரோ கூடவே வந்ததுபோல் இருந்தது.

"இன்டர்வியூ எத்தினி மணிக்குக்கா?"

"ஒன்பது."

"எந்த ஒம்போது? தோட்டத்து டைமா, ரயில் டேசன் டைமா?"

கிண்டல் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். கூச்சப்படுகிறவர்கள் புரியாதபோது செய்வது அதுதான்.

8:35க்கு இறங்கினேன். எங்கள் குப்பத்தில் இரண்டு பேர் பேசினாலே தெருமுனைவரை கேட்கும். இங்கே செடிகளுக்கிடையே நூறு பெண்களாவது இருந்திருப்பார்கள். இலை கிள்ளும் சத்தம் மட்டும் வந்தது. பனியில் ஒரு முகமும் தெரியவில்லை. அலுவலக வராந்தாவில் காலி நாற்காலிகள், குடித்து வைத்த தேநீர்க் கோப்பைகள். ஒன்றைத் தொட்டேன், இன்னும் சூடு. சுவர்க் கடிகாரத்தில் 9:40. உள்ளறைக் கடிகாரத்திலும் 9:40. என் போனை அணைத்துப் போட்டேன்: 8:41.

ஓட்டுநர் தலையில் கைவைத்தார். "அதான் கேட்டேன்ல! இங்க வெளிச்சம் சீக்கிரம் பூடும். அதுக்குன்னு தோட்டத்துல கடியாரத்த ஒரு மணி நேரம் முன்னால வெச்சிக்கினு கீறாங்க. சும்மா நிக்காத, டீச்சரம்மா அதோ போறாங்க, வாயத் தொறந்து பேசு!"

ஓடினேன். வாழ்க்கையில் முதல்முறையாக, முன்பின் தெரியாத ஒருவரை உரக்கக் கூப்பிட்டேன். தலைமையாசிரியை நின்றார். நடந்ததைச் சொன்னேன். ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்: "எங்கள் மணியில் வாழ முடியுமா?" நான் தலையாட்டியதும் மூன்றாம் வகுப்பில் கொண்டுபோய் நிறுத்தினார். மாலை கையில் வேலை உத்தரவு இருந்தது.

போகிறவர்களுக்கு: அறை, வண்டி, சந்திப்பு எதுவானாலும் எந்த மணி என்று கேளுங்கள். ரயிலும் வங்கியும் நம் மணி, தோட்டத்துக்குள் எல்லாம் அவர்கள் மணி. டிசம்பரில் நம் மணி நாலரைக்கே சூரியன் போய்விடும், டார்ச் கட்டாயம். சட்டப்படி சென்னைக்கும் அசாமுக்கும் ஒரே நேரம்தான். சூரியனுக்கு அது தெரியாது.

அன்று நம் மணி 4:55க்கு அம்மா வீடியோவில் வந்தாள். பின்னால் கடற்கரை, வலைகள்மேல் மஞ்சள் வெயில். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாடி, ராத்திரியாட்டம் கீது? வேல இன்னா ஆச்சி?"

"கெடச்சிடிச்சிம்மா."

"மாதாவே!" என்றாள். திரும்பி யாரையோ கூப்பிட்டுச் சொன்னாள். பிறகு திரையை முகத்தோடு ஒட்டவைத்துத் தேடினாள். அவள் கன்னத்து வியர்வைகூட எனக்குத் தெரிந்தது.

"எங்கடி கீற? கொரல் மட்டும் வருது. உன்னியே காணமே."

"இங்கதாம்மா இருக்கேன்" என்றேன். அவள் தேடிக்கொண்டே இருந்தாள்.