வாங்காமல் வந்த வெற்றிலை

இங்கே கோவென்ட்ரியில் நான் படிக்கிற வகுப்பில், வைத்தியம் பார்க்கும்போது உடம்பில் கை படக்கூடாது. இரண்டு விரற்கடை மேலே, காற்றிலேயே நிறுத்த வேண்டும். முதல் நாள், எனக்கு ஜோடியாக வந்த வெள்ளைக்காரப் பெண்ணின் தோளில் பழக்கதோஷத்தில் உள்ளங்கையை வைத்துவிட்டேன். அவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துகொண்டார். திரும்பத் திரும்ப ‘ஸாரி’ சொன்னேன். “எதற்கு இவ்வளவு பயம்?” என்று கேட்ட பயிற்சியாளர் லிண்டா, என் பயத்துக்கு மூச்சுப்பயிற்சி சொல்லித்தர ஆரம்பித்துவிட்டார்.

பயம் எனக்குப் பழசுதான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முதியோர் இல்லத்தில் வேலை. ஊரிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்குள் யார் போய்விட்டார்களோ என்று ஒரு சுற்று யோசித்து முடித்துவிடுவேன். லைஃப் கோச் ஆகப் பட்டம் வேண்டாம், காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தால் போதும் என்று இந்த வகுப்பின் விளம்பரத்தில் போட்டிருந்தது. கூடவே எனர்ஜி ஹீலிங்கும் உண்டு. வந்தவர் மனதில் இருப்பதைப் பேசவிட்டு, பிறகு கையால் அவர் உடம்பின் சக்தியைச் சமன் செய்ய வேண்டுமாம். கோச் புத்தி சொல்லக்கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும். பயிற்சிக்காக உட்காருகிறவர்களிடம் எதையும் வாங்கிக்கொள்ளவும் கூடாது. இந்தச் சட்டங்களை ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்தேன். தப்பாகிவிடுமோ என்ற பயம்தான் காரணம்.

பொங்கலுக்கு அமராவதிபுதூர் போயிருந்தேன். அண்ணன் தச்சு வேலை பார்க்கிறார். அம்மா போனபிறகு எனக்கு ஊர் என்றால் அண்ணன் மனைவி செல்வி மதினிதான். பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்றதும், “நான் இருக்கேன்டி” என்று பாயில் வந்து உட்கார்ந்தார். மாரில் கடலைப்பருப்பு அளவில் ஒரு கட்டி இருப்பதை அப்போதுதான் சொன்னார்.

“அதைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது மதினி?” என்று வகுப்பில் சொன்னபடி கேட்டேன்.

“நான் உன்னையக் கேட்டா நீ என்னையக் கேக்குற. இதுக்கா காசு கட்டிப் படிக்கிற?”

சட்டத்தை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். “போறேன், மொதல்ல உன் கையக் காமி” என்றார். சொந்த மதினிக்குக் காற்றிலா கை காட்டுவது? தொட்டுத்தான் வைத்தேன். அவர் கண்ணோரத்தில் நீர் இறங்கியது. எழுந்துபோய்த் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினார். எனக்கு வகுப்புச் சட்டம் ஞாபகம் வந்தது. “நம்ம வீட்டுக்குள்ள என்ன மதினி இதெல்லாம்” என்று தட்டைத் தள்ளிவிட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த வாரமே நான் விமானம் ஏறிவிட்டேன்.

சித்திரையில் அண்ணன் போன் செய்தார். “எலுமிச்சங்காயாட்டம் ஆயிருச்சுத்தா. தோலச் சுருக்கி இழுக்குது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்குறா. நீயே கேளு.”

“நீதான் பாத்துக்கிட்டு இருக்கியேடி,” என்றார் மதினி, குரலில் ஒரு சலனமும் இல்லாமல். “ஒரு கை பாக்கையில இன்னொரு கை பட்டா ரெண்டும் பலிக்காது.”

“நான் அன்னைக்கே முடிச்சுட்டேன் மதினி.”

“முடிச்சவ வெத்தலைய வாங்கியிருப்பேல்ல?”

எங்கள் பக்கத்தில் மந்திரிக்கிறவரும் சுளுக்கு எடுக்கிறவரும் கடைசி நாளில்தான் வெற்றிலை வாங்குவார்கள். வாங்காதவரை நோய் அவர் பொறுப்பு. சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்த விஷயம் இது.

லிண்டாவிடம் சொன்னேன். “அவர் முடிவை மதியுங்கள். உங்களைக் கட்டிவைத்திருக்கிற கயிற்றை மனதுக்குள் வெட்டிவிடுங்கள்,” என்றார். கயிறு இல்லை, வெற்றிலை என்றேன். அது எந்த நோய்க்கான மூலிகை என்று ஆர்வமாகக் கேட்டார். எனக்கு அதற்குமேல் இங்கிலீஷ் வரவில்லை.

உடனே கிளம்ப லீவு கிடைக்கவில்லை. எனக்குப் பதிலாக வெற்றிலையை அண்ணன் கையில் கொடுங்கள் என்று மதினியிடம் கெஞ்சினேன். “அவுகளா கை வச்சாக?” என்றார் மதினி. அதன்பிறகு தினமும் வேலைக்குப் போகும் வழியில் போன் போட்டேன். தினமும் அதே பதில்.

நேற்றுக் காலை வீடியோவில் அவர் முகம் பாதியாக இருந்தது. கேள்வி, பொறுமை எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கத்தினேன். “இப்பவே குடுங்க மதினி. நான் வாங்கிக்கிறேன்.”

“எங்குட்டுடி குடுக்குறது?”

“போன்லயே. முந்தானைய ஏந்திக்கிட்டு நிக்கிறேன், பாருங்க.”

போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்துவைத்துவிட்டு, சமையலறையில் முந்தானையை ஏந்தி நின்றேன். மதினி அண்ணனிடம் வெற்றிலை கொண்டுவரச் சொன்னார். தன் போனைத் தரையில் மல்லாக்க வைத்தார். “மகராசியா இரு” என்றபடி வெற்றிலையை அதன்மேல் வைத்தார். என் பக்கம் திரை இருண்டுபோனது.

“சீலைய மாத்திட்டு வா, காரு நிக்கிது” என்று அண்ணனின் குரல் கேட்டது. கதவு பூட்டும் சத்தம். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய கார் தெருமுனையில் திரும்புவதுவரை கேட்டது. பிறகு, யாரும் இல்லாத அந்த வீட்டில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவசரத்தில் போனை எடுக்க மறந்துவிட்டார்கள். அங்கே வெற்றிலை அப்படியே இருந்தது. இங்கே என் முந்தானையில் ஒன்றும் இல்லை. அழைப்பைத் துண்டிக்கவும் எனக்குக் கை வரவில்லை.