ஒரே மூச்சில் மூன்று முகம்

1. கேமரா இல்லாத வகுப்பு

படம் பிடிக்கக் கற்றுக்கொள்ளப் போன முதல் நாள் எனக்குக் கேமராவைத் தொட்டுப் பார்க்கக்கூடக் கிடைக்கவில்லை.

எழுபதுகளின் முன்பாதி அது. மாத்தளை, திருகோணமலை வீதியில் இருந்த ஒரு ஸ்டூடியோவுக்கு நான் வீட்டிலிருந்தபடியே வேலை செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படங்களுக்குக் கலர் பூசும் வேலை. மூன்று பிள்ளைகளுக்குத் தாய். கணவருக்கு மிளகு, ஏலம், சாதிக்காய் வாங்கி விற்கும் கடை.

அடையாள அட்டைக்குப் படம் வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது, எங்கள் முஸ்லிம் பெண்கள் பலர் அந்நிய ஆண் முன்னால் முக்காட்டை ஒதுக்கி உட்கார மறுத்தார்கள். ஸ்டூடியோ முதலாளி மஹ்ரூப் மாஸ்டர் உடனே பெண்களுக்கென்று ஒரு சனிக்கிழமை வகுப்பு தொடங்கிவிட்டார். சேர்ந்தது நாங்கள் நான்கு பேர். கேமரா வேலையைக் கற்றுக்கொடுக்க வந்தவர் பிலோமினா டீச்சர். வயதில் என்னைவிட இளையவர்.

"டீச்சர், கேமரா?" என்று கேட்டேன்.

"பிலிம் எங்கக்கா இருக்கு? கப்பல்ல வந்தாத்தானே! அதுவரைக்கும் கண்ணைப் பழக்கிக்குவோம்."

நடுவில் சதுரமாக வெட்டிய காட்போட் மட்டை ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அதன் வழியாக வீதியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "பஸ் நிக்குது" என்றேன். "வெளிச்சம் பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் விழுது?" என்றார். மட்டையை இறக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்த்த வீதி அது.

2. எக்ஸ்ரே ரூமிலிருந்து வந்தவர்

டீச்சர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தகப்பன் தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை பார்த்தவர். டீச்சரோ கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே டார்க் ரூமில் பல வருஷம் பிலிம் கழுவியவர். முகத்தைப் படம் பிடிக்கும் முன்பே எலும்பைப் பார்த்துப் பழகிய கண்.

"எக்ஸ்ரேயில ஆள் மூச்சு விட்டாலே படம் ஆடிப் போகும்," என்பார். "அதனால நான் மொதல்ல நெஞ்சைத்தான் பார்ப்பேன். மூச்சு வெளிய போய் முடியுற எடத்துல மனுஷன் ஒரு கணம் அப்படியே நிப்பான். அப்ப பட்டனை அமத்துங்க."

பிலிம் இல்லாமலே அதைப் பழகினோம். ஒருத்தியை உட்கார வைத்து மற்ற மூவரும் அவள் மூச்சைப் பார்ப்போம். சரியான இடத்தில் மேசையைத் தட்ட வேண்டும்.

ஒருநாள் எங்கள் கடையிலிருந்து காய்ந்த மிளகாய், மஞ்சள், பச்சை ஏலக்காய், மிளகு எல்லாம் கொண்டுவரச் சொன்னார். தட்டில் வரிசையாக வைத்து, "கறுப்பு வெள்ளையில எது கறுக்கும், எது வெளுக்கும்?" என்று கேட்டார். சிவப்பு மிளகாய் பளிச்சென்று தெரியும் என்று அடித்துச் சொன்னேன். மிஞ்சிக் கிடந்த ஒரு துண்டுப் பிலிமில் ஒரு படம் எடுத்து, கழுவிக் காட்டினார். மிளகாயும் ஏலக்காயும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன. வருஷக்கணக்கில் படங்களுக்குக் கலர் பூசிய எனக்கு அன்றுதான் கலர் என்றால் என்னவென்று விளங்கியது.

3. மாஸ்டரின் பாடம்

மஹ்ரூப் மாஸ்டர் வேறு ரகம். இளவயதில் நாடகக் கம்பனி ஒன்றோடு ஊர் ஊராகப் போய், திரைச்சீலையில் அரண்மனையும் காடும் வரைந்தவர். மேடைக்குப் பின்னால் நின்று வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

"கேமரா முன்னால வந்தா எல்லாரும் வசனம் மறந்த நடிகர்தான்," என்பார். "சிரிங்க, சிரிங்கன்னு சொல்லாதீங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச, உங்களுக்குத் தெரியாத ஒன்னைக் கேளுங்க. மூஞ்சி தானா வீட்டுக்கு வந்துடும்."

பேசினால் ஆள் அசைவார் என்று டீச்சர் சண்டை பிடிப்பார். பேசாவிட்டால் அது படமில்லை, உயிரில்லாத மய்யித்து என்பார் மாஸ்டர். இரண்டு பேரையும் எனக்குப் பிடித்தது. யார் சொல்வது சரி என்றுதான் தெரியவில்லை.

4. கடைசி ரோல்

நாவுல என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சொல்லியனுப்பினார்கள். கிராம சேவகர் அந்த வாரமே விண்ணப்பங்களை அனுப்பப் போகிறார். பெண்கள் ஒருவரும் படம் எடுக்கவில்லை. மாஸ்டர் அலுமாரியைத் திறந்து ஸ்டூடியோவில் மிஞ்சியிருந்த ஒரே பிலிம் ரோலை எடுத்துத் தந்தார். பன்னிரண்டு படம் எடுக்கலாம். போய்ப் பார்த்தால் முற்றத்தில் முப்பதுக்கு மேல் பெண்கள்.

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "மூணு மூணு பேரா உக்காரட்டும். பெரிசாக்கி வெட்டிக்கலாம். நீங்க எடுங்க, நான் வெளிச்சத்தைப் பார்த்துக்கிறேன்."

"ஐயோ டீச்சர், ரோல் வீணாப் போயிரும்."

"என்னைப் பார்த்தா ஊசி போட வந்தவளோன்னு பயந்துக்குவாங்க. நீங்க அவங்க வீட்டு ஆள் மாதிரி. எடுங்க."

வெள்ளைச் சீலையைச் சுவரில் கட்டினோம். பதினொரு படம் எப்படியோ முடிந்தது. கடைசிப் படத்துக்கு மிஞ்சியது மூன்று பேர்: பக்கத்து வீட்டு மருமகள் ஒருத்தி, ஹாஜரா மாமி, அவருடைய தம்பி மனைவி சுலைஹா மாமி. இரண்டு வீட்டுக்கும் எல்லையில் நின்ற பலாமரத்தை வெட்டியதிலிருந்து நாத்தனாரும் மதினியும் முகம் பார்ப்பதில்லையாம். மற்றவள் எடுத்துவிட்டுப் போகட்டும் என்று இருவரும் பின்னால் நின்றதில், இருவருமே கடைசியாகிவிட்டார்கள்.

"எனக்கு அட்டையும் வாணாம், ஒன்னும் வாணாம்," என்றார் ஹாஜரா மாமி. "அவ ஈக்கிற எடத்துல நான் ஈக்க மாட்டேன்."

"நானும் ஆசப்பட்டு வரல்ல," என்றார் சுலைஹா மாமி.

மருமகளை நடுவில் வைத்து, ஒருவழியாக உட்கார வைத்தோம். இரண்டு முகமும் இரண்டு திசையில். நெஞ்சு கோபத்தில் ஏறி இறங்குகிறது. டீச்சர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இந்த மூச்சுக்குப் படம் எடுக்க முடியாது.

எனக்கு மாஸ்டர் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது.

"மாமி, எங்கட வீட்டுல வட்டிலப்பம் அவிச்சா இனிப்பு சரியா வருது, நடுவுல எறங்கிப் போகுது. ஏன் மாமி?"

"முட்டைய நுரைக்க அடிச்சீப்பீங்க," என்றார் ஹாஜரா மாமி.

"நுரையில்ல, நெருப்புக் கூடினா எறங்கும். சொல்லுங்க அவகிட்ட," என்றார் சுலைஹா மாமி, சுவரைப் பார்த்தபடி.

"எங்கட உம்மா நெருப்பக் கூட்டித்தான் அவிச்சாங்க. எறங்கல்லயே!"

சுலைஹா மாமிக்கு அந்த உம்மாதான் மாமியார். அவர் குரலைத் தணித்து, "அது மாமிட கை. அந்தக் கை வேற யாருக்கும் வராது," என்றார்.

ஹாஜரா மாமியின் முகம் நேராகத் திரும்பியது. சுலைஹா மாமியும் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

டீச்சர் மெதுவாக, "மூணு பேரும் மூச்சை இழுங்க... அப்படியே விடுங்க," என்றார். மூன்று நெஞ்சும் ஒன்றாக இறங்கி நின்றது. இறைவனை நினைத்துப் பிஸ்மி சொல்லிப் பட்டனை அமத்தினேன்.

5. வெட்டாத படம்

ரோலை டீச்சரே கழுவினார். ஒருத்தி மட்டும் கண்ணை மூடிவிட்டாள். மற்ற எல்லா முகமும் தெளிவாக விழுந்திருந்தது. வெட்டிய படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று ஹாஜரா மாமி என்னைக் அடுப்பெரியும் குசினிப் பக்கம் கூப்பிட்டார்.

"மகள், வெட்டாத படம் ஒன்னு ஈக்கா?"

பஸ்ஸுக்கு நிற்கும்போது சுலைஹா மாமி வேகமாக நடந்து வந்தார். அவரும் அதையே கேட்டார். "அவகிட்ட சொல்லிராதீங்க," என்றார்.

அவர்கள் பிறகு பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. டீச்சரிடம் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல், கிடைப்பதற்கு அரிதான பேப்பரில் இரண்டு பிரிண்ட் போட்டார். மாஸ்டர் தன் கையாலேயே ஓரம் வெட்டி மட்டையில் ஒட்டினார். அன்று டீச்சருக்கும் மாஸ்டருக்கும் சண்டை இல்லை.

பின்னாளில் அந்த வகுப்பை நானே நடத்த நேர்ந்தது. ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒருவர் நாடக மேடையிலிருந்தும் வந்து, பழைய வேலையில் கற்றதில் எதையும் வீணாக்காமல் எங்களுக்குக் கொடுத்தார்கள். அதனால் வருகிறவர்களிடம் கேமரா பிடிக்கத் தெரியுமா என்று நான் கேட்பதில்லை. இதற்கு முன் என்ன வேலை செய்தீர்கள் என்றுதான் கேட்பேன்.

தோட்டத்திலிருந்து வந்த ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். "கொழுந்துதாங்க பறிச்சேன். வேற ஒன்னும் தெரியாதுங்க."

"பச்சைக்குள்ள எது முத்தல், எது கொழுந்துன்னு ஒரே பார்வையில தெரியுமா?"

"அது தெரியுங்க."

"அப்ப வாங்க, முன்னால உக்காருங்க," என்றேன்.